பந்தயத் தடத்தில் அகல டயர்

டிராக் டேக்காகக் காரைத் தயார் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டயரில்தான். எஞ்சின் எவ்வளவு சக்தி தந்தாலும், பிரேக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதெல்லாம் தரைக்குப் போய்ச் சேர்வது நான்கு டயர்களும் சாலையைத் தொடும் உள்ளங்கை அளவு இடங்களின் வழியாகத்தான். டயரை அகலமாக்கினால் அந்த இடம் பெரிதாகும், பிடிமானம் கூடும், வளைவில் வேகம் கிடைக்கும் என்பது பரவலான கணக்கு. அகல டயர் வேகத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் இந்தக் காரணம் சரியல்ல. உண்மையான காரணம் தெரியாமல் மாட்டினால் செலவு மட்டும் கூடிக் கார் பழையபடியே ஓடும். சில கார்கள் முன்பைவிட மெதுவாகவும் ஓடும்.

சொந்தக் காரைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், போட்டி ஏதுமின்றி, ஒதுக்கப்பட்ட நேர அமர்வுகளில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளே டிராக் டே. கட்டணம் கட்டி, காரைப் பரிசோதனைக்குக் காட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தடத்தில் இறங்கலாம். இந்தியாவில் நிரந்தரப் பந்தயத் தடங்கள் மிகச் சில. தமிழ்நாட்டில் உள்ளவற்றில் இரண்டு: 1990-இல் திறக்கப்பட்ட, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒன்று. பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மற்றொன்று. வீட்டிலிருந்து ஓட்டிவந்த அதே காரில், அதே டயரில் தடத்தில் இறங்குபவர்களே அதிகம். ஒன்றிரண்டு முறை ஓட்டிய பிறகுதான் அகல டயர் ஆசை பிறக்கிறது.

முதலில் தரையைத் தொடும் பரப்பைப் பார்க்கலாம். காரின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. 1,100 கிலோ எடையுள்ள காரில் ஒரு டயரின் மீது சராசரியாக 275 கிலோ இறங்குகிறது. 32 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. 275-ஐ 2.25-ஆல் வகுத்தால் 122 சதுர சென்டிமீட்டர் வருகிறது. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. 185 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 205 மாட்டி, அதே 32 பிஎஸ்ஐ காற்று அடித்தால் பரப்பு பெரிதாக மாறாது. டயர் சுவரின் விறைப்பால் சிறு வித்தியாசம் வரலாம், அவ்வளவே. மாறுவது வடிவம்: முன்பின் நீளம் குறைந்து, பக்கவாட்டு அகலம் கூடுகிறது.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, பெரிய டயர் அதே எடையைக் குறைந்த காற்றழுத்தத்திலேயே தாங்கும். அழுத்தத்தைக் குறைத்தால்தான் பரப்பு கூடுகிறது. இரண்டு, அகலம் கூடிச் சுவர் உயரம் குறைந்த டயர் பக்கவாட்டில் குறைவாக நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். மூன்றாவது, ரப்பரின் ஒரு குணம். டயர் மீது எடை இரட்டிப்பானால் பிடிமானமும் இரட்டிப்பாவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. சுமை ஏற ஏற ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிமானம் தேய்ந்துகொண்டே போகும். வளைவில் டயர் படும் பாட்டைப் புரிந்துகொள்ள இந்த மூன்றாவது காரணமே முக்கியம்.

வளைவில் காரின் எடை வெளிப்பக்க டயர்களுக்குச் சாய்கிறது. அதே 1,100 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 146 சென்டிமீட்டர் இடைவெளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 0.9 பங்கு விசையுடன், அதாவது 0.9 ஜி அளவில், கார் திரும்பும்போது 373 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறிவிடும். வெளிப்பக்க இரு டயர்களும் 923 கிலோவைச் சுமக்க, உள்பக்கத்துக்கு மிஞ்சுவது 177 கிலோ. இதுவே 1.1 ஜி ஆனால் வெளிப்பக்கம் ஆயிரம் கிலோவைத் தாண்டும். உள்பக்கச் சக்கரங்கள் 94 கிலோவுடன் கிட்டத்தட்டச் சும்மா உருளும். இவ்வளவு சுமையை 185 டயர் திணறிக்கொண்டு தாங்கும் இடத்தில் 205 டயருக்குச் சற்று மூச்சு விட இடமிருக்கும். அகலத்தின் பலன் நேர்சாலையில் தெரியாமல் வளைவில் மட்டும் தெரிவது இதனால்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது டயரின் அகலம் அல்ல, ரப்பர். டயரின் பக்கவாட்டில் ‘டிரெட்வேர்’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க அரசின் விதிப்படி வந்த அளவு இது. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாக இருக்கும், பிடிக்கும், சீக்கிரம் தேயும். அன்றாடக் கார்களின் டயர்களில் இது பெரும்பாலும் 300 முதல் 500 வரை. சாலையிலும் தடத்திலும் ஓட்டத் தயாராகும் யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்ஈ-71ஆர்எஸ் போன்றவற்றில் 200. டோயோ ப்ராக்சஸ் ஆர்888ஆர் டயரில் 100. முழுக்கப் பந்தயத்துக்கான ஹூசியர் ஆர்7 டயரில் வெறும் 40. ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே சோதித்துப் போட்டுக்கொள்ளும் எண் என்பதால் இரண்டு நிறுவனங்களின் 200-ஐ நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் எந்த வகை டயர் என்பதை அறிய இந்த எண் போதும்.

சாதாரண டயரில் 0.9 ஜி வரை திரும்பும் ஒரு கார், நல்ல ரப்பர் போட்டதும் 1.1 ஜி வரை போகிறது என்று கொள்வோம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை முதல் டயரில் மணிக்கு சுமார் 76 கிலோமீட்டரிலும் இரண்டாவதில் சுமார் 84 கிலோமீட்டரிலும் கடக்கலாம். பிடிமானம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியும் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஏனென்றால் வேகம் பிடிமானத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 8 கிலோமீட்டர் என்பது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் வளைவை விட்டு வெளியேறும்போது கையில் இருக்கும் அந்த வேகம், அடுத்து வரும் நேர்ப்பாதை முழுக்கக் காருடன் வருகிறது. ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு வளைவுகள் இருந்தால் நேரம் வினாடிக் கணக்கில் குறையும்.

மென்மையான ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு: சூடு. குறிப்பிட்ட வெப்பநிலை வரை சூடாகச் சூடாக அது ஒட்டும். அதைத் தாண்டினால் வெயிலில் வைத்த வெல்லம்போல இளகி வழுக்கத் தொடங்கிவிடும். அகலத்தின் மிகப் பெரிய பயன் இங்கேதான். அதே வேலையை அதிக ரப்பர் பகிர்ந்துகொள்வதால் சூடு மெதுவாக ஏறுகிறது. காற்றில் ஆறுவதற்கும் பரப்பு அதிகம். குறுகிய டயரில் மூன்று நான்கு சுற்றுகளிலேயே உருகிப்போகும் ரப்பர், அகல டயரில் அந்த அமர்வு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். மென்மையான ரப்பரை நீடிக்க வைக்கும் வசதி என்றே அகலத்தைப் பார்க்க வேண்டும். கோடைக்காலச் சென்னையில் நண்பகலில் தார்த்தளம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும்போது இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். குளிர்நாடுகளில் இதே டயரைச் சூடேற்றுவதே பெரும்பாடு. எடை குறைந்த காரில் மிக அகலமான டயர் போட்டால் அங்கே அது சூடேறாமலேயே அமர்வு முடிந்துவிடும்.

அகலத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஃபார்முலா ஒன் நல்ல உதாரணம். 2017-இல் முன் டயர் 245-லிருந்து 305 மில்லிமீட்டருக்கும், பின் டயர் 325-லிருந்து 405 மில்லிமீட்டருக்கும் அகலமாக்கப்பட்டது. சுற்று நேரங்கள் பல வினாடிகள் குறைந்தன. ஆனால் அதே ஆண்டில் காரும் அகலமானது, இறக்கைகளும் பெரிதாயின. எது எவ்வளவு கொடுத்தது என்று ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது.

இனி, மாட்டும் வேலை. இந்தியாவில் 2022 வரை விற்ற ஃபோக்ஸ்வாகன் போலோவை எடுத்துக்கொள்ளலாம். பல போலோக்கள் 185/60 ஆர்15 டயருடன் வந்தவை. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இந்த டயரின் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர். 195/55 ஆர்15 போட்டால் 595.5, 205/55 ஆர்15 போட்டால் 606.5, 205/50 ஆர்15 போட்டால் 586. விட்டம் குறைந்தால் கியர் சற்றே குட்டையானது போலாகி வளைவிலிருந்து வெளிவரும் வேகம் நன்றாக இருக்கும். ஆனால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், காரின் வயிறும் தரையை நெருங்கும். நான்கு சக்கரங்களும் ஒரே விட்டத்தில் இருப்பது முக்கியம். முன்னுக்கும் பின்னுக்கும் விட்டம் மாறினால் சக்கரச் சுழற்சியை எண்ணிப் பார்த்து வேலை செய்யும் ஏபிஎஸ், ஈஎஸ்பி அமைப்புகள் குழம்பக்கூடும்.

டயரை அகலமாக்கிவிட்டு ரிம்மை அப்படியே விடுவது பலரும் செய்யும் தவறு. 205/50 ஆர்15 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 5.5 முதல் 7.5 அங்குலம், 225/45 ஆர்15 டயருக்கு 7 முதல் 8.5. குறுகிய ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் சுவர்கள் இரு பக்கமும் புடைத்து நிற்கும். வளைவில் டயர் ரிம்முக்கு மேல் ஆடும், ஸ்டீயரிங் தாமதமாகப் பதில் சொல்லும். ஏழு அங்குல ரிம்மில் இறுக்கமாக உட்கார்ந்த 195 டயர், ஆறு அங்குல ரிம்மில் பிதுங்கி நிற்கும் 215 டயரைவிட நம்பகமாக ஓடும்.

ரிம்மை அகலமாக்கினால் அடுத்து ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே இந்த எண். 6 அங்குல அகலம், 40 ஆஃப்செட் உள்ள வீலுக்குப் பதில் 7 அங்குலம், 35 ஆஃப்செட் உள்ள வீலைப் போட்டால், வெளிவிளிம்பு 17.7 மில்லிமீட்டர் மட்கார்டை நோக்கி நகரும், உள்விளிம்பு 7.7 மில்லிமீட்டர் ஷாக் அப்சார்பரை நோக்கி நகரும். வாங்கும் முன் இந்த இரண்டு எண்களையும் அளந்து பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் தொடாத டயர், தடத்தில் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி ஸ்டீயரிங்கும் திரும்பியிருக்கும்போது உள்பக்க பிளாஸ்டிக்கை உரசலாம். ஆஃப்செட்டை அளவுக்கு மீறிக் குறைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டீயரிங் கையை இழுக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

அகலத்துக்கு எங்கே எல்லை போடுவது என்பதற்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல பாடம். 1989-இல் வந்த இந்த இலகுவான கார் 185/60 ஆர்14 டயருடன் விற்பனையானது. உலகெங்கும் டிராக் டேக்களில் அதிகம் காணப்படும் கார்களில் ஒன்று இது. இதன் உரிமையாளர்கள் 15 அங்குல ரிம்மில் 205/50-உம், ரிம்மை எட்டு ஒன்பது அங்குலம் வரை அகலமாக்கி 225/45-உம் போடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் இதே காருக்கென்றே நடக்கும் ஸ்பெக் மியாட்டா பந்தயத்தில் 7 அங்குல ரிம், 205/50 ஆர்15 டயர் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். சக்தி குறைந்த காரில் அகல டயர் நேர்ப்பாதையில் விலை கேட்கும்: எடை கூடும், உருளும்போது இழுவை கூடும், காற்றுத் தடையும் கூடும். வளைவில் சேமித்த நேரத்தை நேர்ப்பாதையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் டயர் மாற்றியதில் பயனில்லை.

டயரை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. பிடிமானம் கூடக் கூட உடல் சாய்வதும் கூடும். சாயும் உடலோடு சக்கரமும் சாய்வதால் அகல டயரின் வெளிவிளிம்பு மட்டும் தரையில் அழுந்தி, உள்பக்கம் வேலையில்லாமல் நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் காம்பர். சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும்படி வைத்தால், வளைவில் அது நிமிர்ந்து முழு அகலத்தையும் தரையில் பதிக்கும். சாதாரணக் கார்களில் முன் சக்கரக் காம்பர் ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். தடத்துக்கு இரண்டரை முதல் மூன்று டிகிரி வரை வைப்பது வழக்கம். காம்பரைத் தொடாமல் அகலத்தை மட்டும் கூட்டியவரின் டயர், வெளிவிளிம்பில் மொட்டையாகவும் உள்பக்கம் புதிதுபோலவும் வீடு திரும்பும். போட்ட பணத்தில் பாதி அப்படியே பயன்படாமல் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இதைத் தடத்திலேயே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டயரின் தோள்பட்டையில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து சுவர் வரை, வெள்ளைச் சாக்பீஸால் குறுக்காக ஒரு கோடு. பல டயர்களில் அந்த இடத்தில் ஒரு சிறு முக்கோணக் குறியும் இருக்கும். சில சுற்றுகள் ஓட்டி வந்து பார்த்தால், எதுவரை சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்து தரையைத் தொட்டிருக்கிறது. முக்கோணத்தைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று குறைவு அல்லது காம்பர் குறைவு. முக்கோணத்தை எட்டவே இல்லையென்றால் காற்று அதிகம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், தடத்தை விட்டு வெளியே வந்தவுடன் ஊசிமுனை வெப்பமானியை ரப்பருக்குள் செருகி உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களில் அளப்பார்கள். நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். வெளிப்பக்கம் சூடாக இருந்தால் காம்பர் போதவில்லை.

காற்றழுத்தத்தில் முக்கியமானது காலையில் அடித்த அளவு அல்ல, ஓடிச் சூடான பிறகு இருக்கும் அளவு. ஒரு அமர்வில் ஆறு முதல் பத்து பிஎஸ்ஐ வரை தானாக ஏறிவிடும். சூட்டில் 33 வேண்டுமென்றால் 25 அல்லது 26-இல் தொடங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு டயருக்கும் தயாரிப்பாளர் சொல்லும் அளவு வேறு; அதையே தொடக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

பிடிமானம் கூடினால் காரின் மற்ற பாகங்கள் தாங்குமா என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. சாதாரணக் கார் எஞ்சினின் ஆயில் கீழே ஒரு தொட்டியில் இருக்கிறது. அதிலிருந்து பம்ப் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. நீண்ட வளைவில் ஒரு ஜிக்கு மேல் விசை தொடர்ந்தால் ஆயில் முழுவதும் தொட்டியின் ஒரு பக்கம் ஏறி நின்றுவிடும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். சில நொடிகள் ஆயில் இல்லாமல் சுழன்றால் கிராங்க் பேரிங் போய்விடும். சாதாரண டயரில் பல ஆண்டுகள் பத்திரமாக இருந்த எஞ்சின், பந்தய டயர் போட்ட அன்றே இப்படிப் பழுதாகலாம். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பதும், ஆயில் அளவை மேல் குறியில் வைத்திருப்பதும் இதற்கான காப்பு. பிரேக்கும் அப்படித்தான். வளைவுக்கு முன் தாமதமாக, அழுத்தமாக மிதிக்க முடிவதால் சூடு கூடும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் 230 டிகிரியில் கொதிக்கும் தரம் கொண்டது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்தத் தரம் 155 டிகிரிதான். கொதித்தால் பெடல் தரை வரை அமுங்கும், கார் நிற்காது. அகல டயருக்குப் பணம் வைத்திருப்பவர் அதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

மழை வந்தால் எல்லாம் தலைகீழ். பந்தய டயரில் பள்ளக்கோடுகள் குறைவு. தண்ணீரை வெளியேற்ற வழியில்லை. அகலம் கூடக் கூட டயர் பிளந்து செல்ல வேண்டிய தண்ணீரும் கூடும். வேகமாகப் போனால் தண்ணீரின் மேலேயே மிதக்கத் தொடங்கும். ஈரத் தடத்தில் காரோடு வந்த குறுகிய டயரே பாதுகாப்பானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தடத்துக்குப் போகிறவர் பழைய செட்டை வண்டியில் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம்.

அகல டயர் உண்மையிலேயே உதவுகிறதா என்று அறிய ஒரே நாளில் சோதிக்க வேண்டும். முதலில் பழைய டயரில் சில சுற்றுகள், பிறகு புதியதில், மீண்டும் பழையதில். மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுதான் உண்மையைச் சொல்லும். காலை முதல் ஓட்டுநர் தடத்தைக் கற்றுக்கொண்டே வருகிறார், பெட்ரோல் குறைந்து கார் இலகுவாகிறது, தளத்தின் சூடும் மாறுகிறது. பழைய டயருக்குத் திரும்பியும் நேரம் முன்னைவிடக் குறைவாக வந்தால், அந்த அளவு முன்னேற்றம் டயருடையது அல்ல என்று கழித்துக்கொள்ளலாம். ஒரு நல்ல சுற்றின் நேரத்தை மட்டும் பார்க்காமல், ஜிபிஎஸ் கருவியில் ஒவ்வொரு வளைவிலும் பதிவான மிகக் குறைந்த வேகத்தையும் ஒப்பிட வேண்டும். அங்கே கூடியிருந்தால் டயர் வேலை செய்கிறது.

பந்தய டயர் ஓடிய தூரத்தால் மட்டும் தேய்வதில்லை. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சற்று இறுகும். கோடுகள் பாக்கி இருந்தும் பிடிமானம் போய்விடும். பழைய செட் வாங்குபவர் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

சாலை விதிகளும் கவனிக்க வேண்டியவை. இந்தியாவில் கார் டயரின் கோடு ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; கோடே இல்லாத ஸ்லிக் டயரைச் சாலையில் ஓட்ட முடியாது, தனி வீலில் எடுத்துச் சென்று தடத்தில்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கிப் பார்ப்பது அவசியம். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கும். தடத்தில் நேரும் சேதம் உரிமையாளரின் கையிலிருந்தே போகும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் காரோடு வந்த அளவிலேயே நல்ல ரப்பர். அடுத்து காற்றழுத்தம், காம்பர், பிரேக் ஆயில். இவ்வளவும் சரியாக இருந்தும் அமர்வின் நடுவிலேயே டயர் சூடேறி வழுக்கினால், அப்போது அகலம். ரப்பர் உருகும் அளவுக்கு ஓட்டப் பழகாதவருக்கு அகல டயர் இன்னும் தேவைப்படவில்லை. அந்தப் பணத்தில் இன்னும் சில நாட்கள் தடத்தில் ஓட்டிப் பழகலாம்.